உறவு: மேல்வீடு

மார்ச் 3

இன்றும் என்னை யாரும் அழைக்கவில்லை. பதினோராவது நாள். சாதனைதான். கட்டிலில் உட்கார்ந்தே காபி குடித்தேன், ரொட்டித் துகளைத் தரையில் தட்டிவிட்டேன். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. மனைவியைப் பிரிந்து ஆறு வருடம். அந்த ஒரு ‘ஏன்’ ஒழிந்ததற்கே தினமும் எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளலாம்.

மேல்வீடு மட்டும்தான் குறை. காலை ஆறு மணிக்கே தொம், தொம், தொம். குதிகாலில் நடக்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பகலெல்லாம் உட்கார்ந்திருப்பதற்கும் சேர்த்து என் தலைமேல் நடந்து தீர்க்கிறாள். என் போனில் அவள் எண் ‘யானை’ என்ற பெயரில் இருக்கிறது.

ஏழாவது கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். ‘எச்சரிக்கை: குதிகாலை முதலில் ஊன்றினால் கீழ்த்தளத்தில் அதிர்வு ஏற்படும். முன்பாதத்தை மெதுவாக வைக்கவும். பிறகு மீதிப் பாதத்தை.’ சலவை இயந்திரத்துக்கும் மிக்சிக்கும் கையேடு எழுதியே இருபத்திரண்டு வருடம் பிழைத்தவன். யாரும் பிரிக்காத புத்தகங்களின் ஆசிரியன். முந்தைய ஆறுக்கும் பதில் இல்லை. இவளும் பிரித்திருக்கமாட்டாள்.

மார்ச் 9

இரண்டு வாரமாக மலத்தோடு ரத்தம். டாக்டரிடம் போனேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கவேண்டுமாம். சரி என்றேன். மயக்க மருந்து தருவார்களாம். அதற்கும் சரி என்றேன். அப்புறம் வரவேற்பில் இருந்த அம்மா ஒரு படிவத்தை நீட்டினார்.

“கூட யாரு வர்றாங்க சார்?”

“நான்தான் வரேன்.”

“அது தெரியுது. உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக?”

“டாக்ஸி.”

“டாக்ஸிக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?”

கூட ஆள் இல்லாமல் மருந்து ஏற்றமாட்டார்களாம். பெயர், போன் எண், உறவு என்று மூன்று கட்டங்கள். ஐம்பத்து மூன்று வயதில் மூன்று கட்டத்திடம் தோற்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 10

யாரைக் கேட்கலாம்?

தம்பி. வீடு மாறியபோது எல்லோருக்கும் சொன்னான், எனக்குச் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டானாம். அந்தக் குழுவில் நான் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? நான் வெளியேறியதே அவன் போட்ட ஒரு பதிவால்தானே?

முன்னாள் மனைவி. கேட்டால் வருவாள். அதுதான் சிக்கல். வந்து நன்றாக வேறு நடந்துகொள்வாள்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் அலுவலகத் தலைவர். பவுடர் என்பது நான் வைத்த பெயர். அவர் முன்னால் பின்பக்கம் திறந்த அங்கியில் படுத்துக் கிடப்பதைவிட ரத்தமே போய்க்கொண்டிருக்கட்டும்.

மார்ச் 11

பட்டியல் முடிந்தது. கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

மார்ச் 14

எழுதிக் கொடுத்துவிட்டேன்! எவ்வளவு எளிது! போனில் வேறு யார் எண்ணும் கைக்கு வரவில்லை. யானையின் எண்ணை எழுதினேன். உறவு என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. ‘மேல்வீடு’ என்று போட்டேன். பொய்யில்லையே?

இவர்கள் எங்கே கூப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள்? நான் எழுதும் கையேட்டை எவனாவது படிக்கிறானா? அதுபோலத்தான் இதுவும். அன்று கேட்டால், அவர் வண்டி நிறுத்துகிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். முடிந்ததும் நைசாக நழுவிவிடலாம். வீடு வரும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 18

வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து. நான்கு லிட்டர். எழுதும் நிலையில் இல்லை.

மார்ச் 19

நான் மிதக்கிறேன்! உலகம் பஞ்சு. பேனா தானாக ஓடுகிறது. இதைப் போல ஒரு நாள் என் வாழ்க்கையில் — இரு, முதலிலிருந்து எழுதுகிறேன்.

கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யானை. சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு.

“எந்திரிங்க சார். பாடத்துக்கு நேரமாச்சு.”

நேற்றே மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் போன் போயிருக்கிறது. இவள், “ஆமா, நான்தான் மேல்வீடு” என்றாளாம்! பதினொரு மணிக்கு ஒருவருக்குப் பாடம் இருந்திருக்கிறது. ரத்து செய்யாமல் பாடத்தையே மருத்துவமனைக்கு ஓட்டி வந்துவிட்டாள். ஸ்டியரிங்கில் எழுபது வயதுப் பல் டாக்டர், ஓய்வு பெற்றவர். பின்சீட்டில் நான். மாட்டுவண்டி எங்களை முந்தியிருக்கும், நல்லவேளை தெருவில் மாடு இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் டாக்டர், “வாயைத் திறங்க” என்று சொல்லும் அதே குரலில், “வழி விடுங்க” என்றார். நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர்.

“டாக்டர், பிரேக் பக்கத்துல இருக்கறது என்னன்னு பாத்தீங்களா?”

“என் கால்மா.”

அதற்கும் சிரித்தேன். பிறகு என்ன செய்தேன்? போனில் அவள் பெயர் யானை என்று நானே சொன்னேன். சொல்லி, எடுத்தும் காட்டினேன். அவள் முகம் ஒரு நொடி அசையவில்லை. அப்புறம் கார் அதிரச் சிரித்தாள்.

“என் போன்ல உங்க பேரு என்ன தெரியுமா? கையேடு.”

படித்திருக்கிறாள்! ஏழையும்! ஸ்டியரிங்கைப் பார்த்தாலே பயப்படுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவாளாம், பயம் போய்விடுமாம். பல் டாக்டருக்கு ஐந்தாவது கடிதம் மனப்பாடம். “அதிர்வு தொடர்ந்தால் கீழ்த்தளப் பயனரை அணுகவும்” என்று ஒப்பித்தார். என் வாக்கியம்! இன்னொருவர் வாயில்! கார் நடைபாதை மேல் ஏறி நின்றது. எனக்கென்ன?

மார்ச் 20

தலை தெளிந்துவிட்டது. தெளியாமலே இருந்திருக்கலாம். என்னென்ன உளறினேன்? தம்பி, மனைவி, பவுடர் — எல்லார் கதையும் சொல்லியிருக்கிறேன். அய்யோ, எதுக்குடா உனக்கு இந்த வாய்?

குடலில் சின்னக் கட்டி இருந்ததாம். எடுத்தாயிற்று, பயமில்லை என்றார்கள்.

நன்றி சொல்லப் படியேறினேன். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தாள்: “முந்தாநாள் முழுக்க உங்க பாத்ரூம்ல தண்ணி இறைச்ச சத்தம் சார். நாப்பத்தி ரெண்டு தடவை. நான் ஒரு கடிதாசி எழுதினேனா?”

எண்ணியிருக்கிறாள்.

மார்ச் 27

காலை ஆறு மணி. தொம், சர்ர். தொம், சர்ர்.

நேற்றும் இப்படித்தான். ஆறு வருடமாகக் கேட்கும் நடை, எனக்குத் தெரியாதா? இடது காலை இழுக்கிறார். கடிதம் எழுதலாமா? காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, மாடிக்குப் போய் மணியை அடித்தேன்.

“இடது முட்டிக்கு என்ன?”

“ஒண்ணுமில்லையே. யாரு சொன்னா?”

“கூரை சொல்லிச்சு.”

சிரிக்கவில்லை. கதவில் சாய்ந்துகொண்டார். “ரெண்டு மாசமா வலி. கிளட்ச் மிதிக்க முடியல. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அண்ணன் குடும்பத்தோட வந்து உக்காந்துப்பான். தனியா இருந்தா இப்படித்தான்னு ஆரம்பிப்பாங்க. நான் பாடுபட்டு வாங்கின தனிமை சார் இது.”

எனக்கா புரியாது? நான் சொல்லவேண்டியதை என் முகத்துக்கு நேரே வேறொருவர் சொல்கிறார்.

“நான் உள்ள வந்து உக்கார மாட்டேன்” என்றேன். “இந்தப் படியிலயே நிக்கறேன். டாக்டரைப் பாருங்க.”

“காபியும் படியிலதானா?” என்றார்.

படியில்தான் குடித்தோம்.

ஏப்ரல் 2

இன்று தம்பி பிறந்தநாள். போன் செய்யவில்லை. எண்ணை மட்டும் தேடி எடுத்து வைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 16

அலுவலகத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன். எலும்பு மருத்துவமனை.

“திங்கக்கிழமை முட்டி ஆபரேஷன் சார். கூட வர்றவர்னு உங்க நம்பர் குடுத்திருக்காங்க. உறவுங்கற இடத்துல ‘கீழ்வீடு’ன்னு எழுதியிருக்காங்க. எங்க கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணு இல்லையே, என்ன போடட்டும்?”

“சேத்துக்குங்க” என்றேன். என் குரல் எனக்கே உச்சத்தில் கேட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் உறைத்தது, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பல் டாக்டரைக் கூப்பிட்டேன். லைசென்ஸ் வாங்கி நான்கு நாள் ஆகிறதாம். “நான் ஓட்டறேன். நீங்க பின்னால உக்காந்து அஞ்சாவது கடிதத்தைச் சொல்லிக்கிட்டே வாங்க” என்றார்.

திங்கட்கிழமைக்கு விடுப்புக் கேட்டுப் பவுடரின் அறைக்குள் போனேன். நிமிர்ந்து பார்த்து, “ஏன்?” என்றார்.

உட்கார்ந்து கால் மணி நேரம் பதில் சொன்னேன்.