தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு வார்த்தை

மார்ச் 3, திங்கள்

பாப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. செயற்கைப் பல் செய்யும் லேப், ரயிலில் எட்டு மணி நேரம். ஏப்ரல் ஆறாம் தேதி கிளம்புகிறாள். இருபத்தோரு வயதாகியும் எனக்கு அவள் பாப்பாதான். ஆனால் அப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

"ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு" என்று மனைவியிடம் சொன்னேன். வழக்கமாக நான் சொல்வதை இவள்தான் சைகையில் பாப்பாவிடம் சொல்வாள். இன்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"அவ அங்க போயிட்டா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நிக்க முடியாது. வீடியோல வந்தா என்ன பண்ணுவீங்க? பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டுவீங்களா?"

சைகை மொழிப் புத்தகம் நான் வாங்கியதுதான், பதினோரு வருஷத்துக்கு முன்னால். தேடி எடுத்தேன். நாலாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்.

மார்ச் 4

புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 6

நான் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "நாளைக்கு வந்து இறக்கறேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவேன். பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் — வேலை குறையட்டும், லீவு வரட்டும், ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன விரல் எங்கே வளையப் போகிறது. எத்தனை சாக்கு. எதற்குப் பயந்தேன்? அவள் முன்னால் மக்காகத் தெரிவேன் என்றா?

இவளிடமே கேட்டேன், எங்கே ஆரம்பிப்பது என்று.

"முழுப் புத்தகத்தையும் பாக்காதீங்க, மலைச்சுப் போயிடுவீங்க. காலைல டீக்குத் தண்ணி வைக்கறேன்ல? அது கொதிக்கறதுக்குள்ள ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

மார்ச் 7

தண்ணீர்.

மார்ச் 8

பல்.

மார்ச் 10

இன்று எதுவும் இல்லை. அவசர வேலை. — பொய். போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

மார்ச் 13

சாப்பிடும்போது பாப்பாவிடம் நானே கையால் தண்ணீர் கேட்டேன். அவள் கண் விரிந்தது. அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்டைவிரல் இடம் மாறிவிட்டதாம். நான் கேட்டது ஒரு தம்ளர் மாமியார்.

சிரித்து முடித்துவிட்டுப் பாப்பா எழுந்து வந்தாள். என் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். அவள் என் கையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று? யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

மார்ச் 18

பத்து வார்த்தைதான் சேர்ந்திருக்கிறது. அதற்குள்ளேயே என்னென்னவோ கண்ணில் படுகிறது. இவர்கள் இரண்டு பேரும் பேசுவதை இத்தனை காலமும் மின்விசிறி சுற்றுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று நடுவில் 'பல்' வந்தது. 'பெரியவர்' வந்தது. லேப் முதலாளியைப் பற்றிச் சொல்கிறாள். அடுத்த நிமிஷம் அவள் அங்கே இல்லை, அந்த முதலாளிதான் நின்றார். ஒற்றைப் புருவம் ஏறியது, தொப்பை முன்னால் வந்தது, தும்மினார், அவருடைய பல் செட்டே கழன்று கையில் விழுந்தது. நான் ஒருவனாகக் கத்திச் சிரித்தேன்.

"இவ இவ்வளவு வேடிக்கைக்காரியா?" என்று இவளிடம் கேட்டேன்.

"இந்த வீட்டுலதாங்க இருக்கா. இருபத்தோரு வருஷமா."



மார்ச் 22

மதியம் பாப்பா சோபாவிலேயே தூங்கிவிட்டாள். வயிற்றின்மேல் இருந்த கை அசைந்தது. ஏதோ பூச்சி என்று கிட்டப் போனேன். பூச்சி இல்லை. பேசுகிறாள். தூக்கத்தில், விரலால் முணுமுணுக்கிறாள். இத்தனை வருஷமும் இப்படித்தான் பேசியிருப்பாளா, தொட்டிலிலும்? நகராமல் நின்றேன். நடுவில் 'தண்ணீர்' வந்தது. எனக்குத் தெரிந்த வார்த்தை, அவள் கனவுக்குள்.

இன்னொரு சைகை இரண்டு தடவை வந்தது. இரண்டு விரலைச் சேர்த்து நெஞ்சில் வைத்து வெளியே தள்ளினாள். போய் இவளிடம் செய்து காட்டினேன்.

"அது ஒருத்தர் பேரு" என்றாள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வைத்துக்கொள்வார்களாம். கன்னத்து மச்சத்தைத் தொட்டால் அது இவள் பெயர்.

"யாரு பேரு?"

"அப்புறம்" என்றாள்.

சரி, சொல்லும்போது சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 27

தண்ணீர் வைத்திருந்தாள். 'அப்புறம்' என்பதற்கு என்ன சைகை என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். இவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு இரண்டு விரலைச் சேர்த்தாள், நெஞ்சில் வைத்தாள், வெளியே தள்ளினாள். பாப்பா தூக்கத்தில் செய்த அதே சைகை.

"என் பேரா?"

"அப்ப அவளுக்கு ஆறு வயசு. அப்பா என்ன சொல்றாருன்னு கேப்பா. நீங்க எப்பவும் 'அப்புறம்'னுதான் சொல்வீங்க. நானும் அதையேதான் கையில சொல்வேன். அதுதான் உங்க பேருன்னு நெனச்சுக்கிட்டா. பெரியவளாகி விஷயம் புரியறதுக்குள்ள பழகிப்போச்சு."

"கோவத்துல வெச்சதில்லையா?"

"சேச்சே. எவ்வளவு ஆசையாக் கூப்பிடுவா தெரியுமா?"

அதுதான் தாங்க முடியலை. திட்டியிருந்தா தேவலை. ஆசையாக் கூப்பிட்டிருக்கா. பதினஞ்சு வருஷமா, என் கண்ணு முன்னாடியே. ஒரு தடவைகூட நான் திரும்பிப் பாக்கலையே.

மார்ச் 28

இன்றைக்குப் பத்து வார்த்தை சொல்லிக் கொடு என்றேன். "ஒண்ணு" என்றாள்.

ஏப்ரல் 2

பாப்பாவுக்கு ஒரு கதை சொன்னேன். நான். கையால்.

கரண்ட் போய் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மூன்று பேர் மாட்டிக்கொண்ட கதை. மொட்டை மாடி அறையில் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றி, அங்குலம் அங்குலமாக, நிறுத்தி நிறுத்தி இறக்கினேன். இருந்த இருபத்துச் சொச்சம் வார்த்தையையும் செலவழித்தேன். இல்லாத இடத்தில் நானே சக்கரமானேன், நானே உள்ளே அழுத அம்மாளும் ஆனேன். பாப்பா கண்ணை இமைக்கவில்லை. 'பயமா?' என்று கேட்டாள். 'தினமும்' என்றேன்.

இருபத்தாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். அது ஒரு அதிசயம் என்று இன்றைக்கு அவள் முகத்தில்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 5, மாலை

இன்றைய வார்த்தை: மன்னித்துவிடு. நானே கேட்டு வாங்கினேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஸ்டேஷனில்

இல்லை. பேனாவை மூடிவிட்டுப் போகிறேன்.

ஏப்ரல் 6

நேற்றே சொல்லிவிட்டேன். பாப்பா என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச விடவில்லை.

இன்று ரயில் கிளம்புமுன் ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தது. பிளாட்பாரம் முழுக்க ஆட்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் "என்ன, என்ன?" என்று காதைக் காட்டினார்கள். அத்தனை பேர் நடுவில் நாங்கள் மூன்று பேர் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 13

இவள் குளிக்கப் போயிருந்தாள். பாப்பாவின் வீடியோ அழைப்பு வந்தது. முன்னெல்லாம் குளியலறைக் கதவைத் தட்டியிருப்பேன். இன்று நானே எடுத்தேன்.

தான் செய்த முதல் பல்லைக் காட்டினாள், ஒரு கடைவாய்ப் பல். சாப்பிட்டாச்சா என்றாள். பாதி புரிந்தது, மீதியைத் திருப்பிக் கேட்டேன். அப்புறம் அறைத்தோழியைப் பக்கத்தில் இழுத்தாள். அந்தப் பெண்ணுக்கும் காது கேட்காது. அவளிடம் என்னைக் காட்டி, இரண்டு விரலைச் சேர்த்தாள். எனக்குள் சுருக்கென்றது.

ஆனால் விரல்கள் நெஞ்சிலிருந்து கிளம்பவில்லை. கையை எட்ட நீட்டி, அங்கேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்திக் கொண்டுவந்து நெஞ்சில் வைத்தாள்.

அதே இரண்டு விரல். புத்தகத்தில் இந்தச் சைகை இல்லை. நான் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை.

இவள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "பாப்பாவா? குடுங்க, நான் பேசறேன்" என்று கையை நீட்டினாள்.

"அப்புறம்" என்றேன்.