ஒரு கண் திறந்திருந்தது

மூத்தவனுக்கு,

வலது கை கட்டுக்குள் இருக்கிறது. இது இடது கை எழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

ஞாயிறுதோறும் மதியம் நம் டயர் கடையில் வீடற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதால் வியாபாரம் கெடுகிறது என்றாய். அதற்காகப் போன ஞாயிறு, அவர்கள் ஜெபத்துக்குக் கண்ணை மூடும் நேரம் பார்த்து, டயர் கழற்றும் இரும்போடு வந்தாயே! முதல் அடியிலேயே ஊன்றுகோல் பெரியவரின் பற்கள் கிண்ணத்தில் விழுந்தன. "பிச்சைக்காரப் பயலுங்களா, ஓடுங்கடா!" என்று மறுபடி ஓங்கினாய். கஞ்சி பொங்கிவிடுமே என்று ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் நான் குறுக்கே பாய்ந்தேன். என் எலும்பு முறிந்த சத்தம் உனக்கும் கேட்டிருக்கும்.

"கை தவறிடுச்சுப்பா" என்று உன் தம்பியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அந்தக் கதை என்னிடம் வேண்டாம். அந்த இரும்பைப் பிடிக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

பசித்தவன் உருவில் வருகிறவர் யார் என்று, சுவிசேஷத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். வியாபாரத்துக்காக அவரை வாசலோடு திருப்பி அனுப்ப மாட்டேன்.

இந்த ஞாயிறும் கஞ்சி உண்டு. "இனிமே ஜெபத்துல நாங்க கண்ணை மூட மாட்டோம் ஐயா" என்கிறார்கள் கஞ்சிக்கு வருகிறவர்கள்.

"உங்க இஷ்டம். நான் மூடுவேன், ரெண்டு கண்ணையும்" என்றேன்.

உனக்கும் ஒரு கிண்ணம் இருக்கும். வந்தால் வரிசையில் நில்.

இப்படிக்கு,
இன்னமும் உன் அப்பா