மரத்தூள் மிதந்த தேத்தண்ணி

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கண்மூடி ஏழு மாதம் ஆகிறது. இடையில் நாட்டுக்குச் சுதந்திரமும் வந்துவிட்டது. உங்கள் மூத்த மகன் கடை வாசலில் கட்டிய கொடியை, மழையில் நனைந்து சாயம் போன பிறகும் அவிழ்க்க மாட்டேன் என்கிறார். சின்னவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, பெண் பார்க்கிறோம். உங்கள் இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னைப் பார்க்க காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. "பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குச் சூடாத்தான் குடுக்கணும்" என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தேயிலையைத் தாராளமாகப் போட்டுக் காய்ச்சி, சூட்டிலேயே சீனி கரைத்து, எலுமிச்சை பிழிந்து வைத்தேன். அப்பா சைக்கிளில் ஐஸ் கட்டி வாங்கி வந்தார். கடையில் ஐஸை மரத்தூளில் புதைத்து வைத்திருப்பார்கள். கழுவித்தான் உடைக்க வேண்டும். உங்கள் டாக்சி வந்து நின்ற பதற்றத்தில் நான் அப்படியே உடைத்துப் போட்டுவிட்டேன்.

தட்டை நீட்டியபோதுதான் பார்த்தேன். எல்லாக் கிளாஸிலும் மரத்தூள். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் அண்ணன் கிளாஸைத் தூக்கிப் பிடித்தார். "என்னம்மா இது, தூளா மிதக்குது?"

"தேயிலைத் தூளுண்ணே. பேசாம குடிங்க," என்றீர்கள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னொரு கிளாஸ் இருக்காம்மா?" என்று வேறு கேட்டீர்கள்.

ஐஸ் பட்டால் உங்களுக்குப் பல் கூசும், பானைத் தண்ணீரைக்கூட வெந்நீர் கலந்துதான் குடிப்பீர்கள் என்பது கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு இரண்டு கிளாஸ் எப்படி அத்தை இறங்கியது? கேட்க நாக்கு நுனிவரை வரும். வெட்கமாக இருக்கும், விட்டுவிடுவேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். போன ஞாயிறு சின்னவரையும் கூட்டிக்கொண்டு தெங்கேராவுக்குப் போய் ஒரு பெண்ணைப் பார்த்தோம். அவளும் ஐஸ் தேத்தண்ணிதான் கொண்டுவந்தாள். சீனி திகட்டியது. உங்கள் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை நகர்த்தினார். நானும் பாதியில் வைத்துவிட்டேன். பெரிய மனுஷி ஆகிவிட்டேன் இல்லையா? தட்டை எடுக்க வந்தவள் இரண்டு கிளாஸையும் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

திரும்பும் வழியில், "இது சரிப்படாது, வேற இடம் பார்ப்போம்," என்றார் உங்கள் அண்ணன். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சின்னவர் அடுப்படிக்கு வந்தார்.

"அண்ணி, எனக்குப் பிடிச்சிருக்கு. அம்மா இருந்திருந்தா பேசியிருப்பாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் அண்ணன் இன்னும் பெண் வீட்டுக்குப் பதில் சொல்லி அனுப்பவில்லை. நாளைக் காலையில் அவரைப் பார்க்கப் போகிறேன். கத்தினால் கேட்டுக்கொண்டு நிற்பேன், ஆனால் சம்மதம் வாங்காமல் திரும்ப மாட்டேன். அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வருவாள் அத்தை. என்னைப் பார்த்து அவள் பயப்படாமல் இருக்கும்படி நான் நடந்துகொள்கிறேன்.

உங்கள் மூத்த மருமகள்,
சரசு