மைக்கு அடியில் இருந்த வார்த்தை

ஏப்ரல் 5, ஞாயிறு
மசாயோரியை இளவரசரின் மாளிகையில் விட்டு வந்தேன். வாசலில் பொன் பொத்தான் அங்கியோடு நின்றவருக்கு இடுப்பு ஒடியக் குனிந்து, "என் மகனைப் பாத்துக்கோங்க" என்றேன். மகன் கையை இழுத்தான். "அப்பா, அவர் குதிரைவண்டி ஓட்டுறவர்."

வண்டிக்காரர் பாவம், பதிலுக்குக் குனிந்தார். குதிரை மட்டும் குனியவில்லை.

இளவரசருக்கும் பத்து வயதுதான். ஐந்து பையன்கள் கூடவே தங்கிப் படிக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு வீடு. வேண்டாமென்றால் பெற்றவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அண்ணன் செத்து, பிரபுப் பட்டம் என் தலையில் விழுந்ததால் வந்த கௌரவம். கூடவே படிப்பு விழவில்லை.

ஏப்ரல் 9
இரண்டு கிண்ணத்தில் சோறு போட்டுவிட்டேன். "இன்னொண்ணு யாருக்குங்க ஐயா, பூனைக்கா?" என்றாள் சமையல்காரி ஒகினு. மசாயோரியின் அம்மா போனபின் இந்த வீட்டில் பேச்சு என்றால் அவனோடுதான்.

ஏப்ரல் 20
முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் நான் தலைகீழாக விழுந்ததை அவனுக்கு எழுதினேன். முழுவதும்.

மே 10
வந்திருந்தான். "உங்க கடிதத்துல நாலு வரிக்கு மாளிகைக் காரியஸ்தர் மை தடவிட்டார். அடியில என்ன இருந்துச்சுன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."

"யாருடா?"

"அவர்தான். தினமும் படிச்சுக் காட்டச் சொல்றார்."

தேநீர் மூக்கில் ஏறியது. இளவரசரா? என் ஊறுகாயையா?

"அவங்க அப்பா எழுத மாட்டாரா?"

"வாரம் ஒரு தடவை இவர் போய்க் குனிஞ்சு உடம்பு விசாரிப்பார். அவங்க அப்பா 'நல்லாப் படி'ம்பார். இவர் திரும்பிடுவார். அவ்வளவுதான்."

அடியில் இருந்தது இதுதான்: ஒகினு என்னைப் பிடித்து இழுத்தபோது கோவணம் மட்டும் அவள் கைக்கு வந்தது. மகன் பாயில் உருண்டு சிரித்தான். பிறகு மனப்பாடம் செய்துகொண்டு போனான்.

மே 24
யார் காதில் விழும் என்று இப்போது தெரியும். கடமை, விசுவாசம், பூக்கள் பற்றி எழுதி அனுப்பினேன்.

மே 28
பதில், ஒரே வரி: 'இது வேறு யாரோ எழுதியது என்கிறார். எனக்கும் அப்படித்தான் பட்டது.'

ஜூன் 14
கிளம்பும் நேரத்தில் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "போகணுமாப்பா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே, "நான் போகலைன்னா அவருக்கு யாரு படிச்சுக் காட்டுவா?" என்று பூட்ஸை மாட்டினான். நான் நாடாவைக் கட்டிவிட்டேன். வேறென்ன செய்ய?

ஜூன் 20
மழை. என் தொப்பியில் நத்தை குடியேறிய கதையை எழுதினேன். கடைசியில் 'வீட்டுக்கு வந்துவிடு' என்று எழுதி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரியஸ்தருக்கு எதற்குச் சிரமம்? நானே மை தடவினேன்.

ஜூலை 12
"கடைசி வரியில என்னப்பா இருந்துச்சு?"

"மை கொட்டிடுச்சுடா."

"அவர் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார். என்கிட்ட காட்டலை, தானே வச்சுக்கிட்டார். அன்னிக்குத் தன் பங்கு இனிப்பையும் எனக்கே குடுத்துட்டார். இன்னிக்குக் கிளம்பும்போது, 'அவசரமில்ல, மெதுவா வா'ன்னார். ஏம்ப்பா?"

"வெயிலா இருக்குல்ல, அதான்."

மாளிகை வரை கூடவே போனேன். வண்டிக்காரருக்கு, இந்த முறை தெரிந்தே, இடுப்பு ஒடியக் குனிந்தேன். மகன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். மாடி ஜன்னலில் ஒரு சின்னத் தலை அவனுக்காக எட்டிப் பார்த்தது.

கதவை மூடினார்கள். அந்த வார்த்தை இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.