ஜீப்பைத் திருப்பி அனுப்பிய நாள்

இன்று காலை மைசூர் ஹெப்பாளில் கம்பெனிப் பேருந்துக்காக நின்றிருந்தேன். பழைய ஜீப் ஒன்று டீசல் புகையைக் கக்கிவிட்டுப் போனது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, நண்பா.

வார நாட்களில் இருவரும் ஒரே தொழிற்சாலையில் மெஷின் பார்த்தோம். ஞாயிறானால் மைசூரிலிருந்து ஆட்களைத் திரட்டி, உன் ஊரான ராமாபுரத்துப் பக்கம் மலையேறக் கூட்டிப்போவோம். ஆரம்பத்தில் பாதி மலைவரை ஜீப்தான். சரிவில் சக்கரம் வழுக்கும்போது வந்தவர்கள் கூச்சலிட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்து போனபோது, நீ நடுவழியில் வண்டியை நிறுத்தி இறங்கினாய். சக்கரத் தடங்கள் வாய்க்கால்போல அரித்துக் கிடந்தன. அவற்றின் வழியே மண் கரைந்து கீழே ஓடைவரை இறங்கியிருந்தது. மாடுகள் தண்ணீர் குடிக்கும் இடமெல்லாம் சேறு.

"இது நம்ம பண்ணுன வேலைடா. இனி நடந்தே போலாம்."

"நடக்கச் சொன்னா யாரு வருவாங்க?" என்றேன்.

"வர்றவங்க வரட்டும்."

வருபவர்கள் குறைந்துதான் போனார்கள். அரசுப் பேருந்தில் போய், அடிவாரத்திலிருந்து நடந்து, நம் குப்பையை நாமே சுமந்து திரும்பினோம். ஒரு தடவை யாருமே வரவில்லை; நாமிருவர் மட்டும் ஏறினோம். அன்று வழியெல்லாம் நீ பாடிக்கொண்டே வந்தாய்.

பிறகு உன் நுரையீரல் கெட்டது. வீட்டு மாடிப்படி ஏறவே நின்று நின்று மூச்சு வாங்கினாய். "மலைய ஒருக்கா பாக்கணும்டா" என்று ஒருநாள் கேட்டாய். உன்னிடம் சொல்லாமலே ஜீப்புக்கு ஏற்பாடு செய்தேன். அடிவாரத்தில் அது நிற்பதைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

"ஜீப் பேடா, வேண்டாம்டா, அனுப்பிடு. நான் போனா மட்டும் மண்ணு கரையாதா?"

"ஒரே ஒரு தடவைதானே, உனக்காக."

"எல்லாருக்கும் ஒரே ஒரு தடவைதான்டா."

வண்டியை அனுப்பிவிட்டேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீயோ உச்சியையே பார்த்திருந்தாய். "அந்தப் பாறைகிட்டதான உனக்குக் கால் பிசகுச்சு?" என்று சிரித்தாய், சிரிப்பு இருமலாகிவிட்டது. அடுத்த மழைக்கு நீ இல்லை.

போன மாதம் நம் ஞாயிறு மலையேற்றத்துக்குப் பெயர் கொடுத்த ஒரு பெண், முழங்கால் தேய்ந்துபோன தன் அம்மாவையும் அழைத்து வரலாமா என்று கேட்டாள். முன்பென்றால் முடியாது என்றிருப்பேன். வரச் சொன்னேன். மற்றவர்களை, இப்போது என்னோடு வழிகாட்ட வரும் உன் தம்பியோடு மேலே அனுப்பிவிட்டு, அந்த அம்மாவுடன் கீழேயே தங்கினேன்.

"நீங்க ஏறலையாப்பா?" என்று கேட்டார்.

"இங்கிருந்தே நல்லாத் தெரியும்மா."

ஏற முடியாதவர்கள் வந்தால் அவர்களோடு இருப்பது இப்போது என் பங்கு. வெகுநேரம் இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்றைய ஆத்திரம் எனக்குள் இல்லை. நீயும் இல்லை.