முப்பத்தொன்றாவது குழந்தை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மகள், நம் உருண்டை, நலம். இரண்டு பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். நீ பக்கத்தில் இல்லாத குறை தெரியாமல் உன் மாமியார் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். இனிமேல் வருவதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

போன புதன்கிழமை தடுப்பூசி முகாம். மருந்துப் பெட்டியில் அடுக்கும் ஐஸ் பைகளை, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை மேசையில் வைத்திருக்க வேண்டும். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, கல்லாக இருந்ததையே அடுக்கிவிட்டேன். பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கும் எனக்கு அன்று புத்தி எங்கே போனதோ. மறுநாள் மிஞ்சிய குப்பியைக் குலுக்கி வைத்தேன். நல்ல மருந்து கலங்கலாகவே நிற்கும். இது கால் மணி நேரத்தில் செதில் செதிலாக அடியில் படிந்துவிட்டது. உறைந்து வீணாய்ப் போன மருந்தை முப்பத்தொரு குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறேன். அதில் ஒருத்தி உன் மகள்.

பயப்படாதே, அதனால் கெடுதல் இல்லை. பலனும் இல்லை. இந்த ஊசி தடுக்கும் தொண்டை அடைப்பான் நோயில் ஆளைக் கொல்வது கிருமி கக்கும் விஷம். கிருமியைக் கொல்ல மருந்து உண்டு, இதயத்தில் ஏறிவிட்ட விஷத்தை இறக்க வழியில்லை. தடுப்பூசியில் இருப்பதும் அந்த விஷம்தான், வீரியத்தை மட்டும் பிடுங்கிவிட்டிருப்பார்கள். அதை முன்கூட்டியே பார்த்துவிட்டால் உடம்பு அதற்கு மாற்று மருந்து தயாரிக்கப் பழகிக்கொள்ளும். ஒரு தவணை வீணானாலும் அந்தப் பழக்கம் அரைகுறைதான்.

எங்கள் சுகாதார நிலைய எழுத்தர், "சும்மா விடுங்கக்கா, அடுத்த வருஷ ஊசியில சரியாயிடும்" என்றார். நடுவில் இருக்கும் ஒரு வருடத்தை யார் பார்த்துக்கொள்வது? பின்தெருத் தையல்காரர் மகன் இதே நோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நடந்ததை டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் போய்த் தட்டினேன். முப்பது குழந்தைகளுக்குப் புது மருந்து போட்டாயிற்று.

உன் மாமியார்தான் அசைந்து கொடுக்கவில்லை. "உன் தப்புக்கு எங்க புள்ள எதுக்கு ரெண்டு தடவ அழணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நீ எனக்காகப் பரிந்து பேசாதே. அக்கா செய்தது தப்புதான் என்று சொல், அவரோடு சேர்ந்து திட்டு. ஊசிக்கு மட்டும் சம்மதம் வாங்கிக் கொடு. நாளைக் காலை எட்டு மணிக்குப் பெட்டியோடு உங்கள் வாசலில் நிற்பேன். முடியாது என்றால் நாளை மறுநாளும் நிற்பேன். உருண்டை இப்போதும் என்னைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் நூறு வயது வாழட்டும்.

உன் அக்கா