நீ திரையைக் காட்டினாய்

இன்று காலை சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் மொனிட்டரை மட்டும் பழைய சாரத் துணியில் சுற்றிக்கொண்டு கம்பியூட்டர் திருத்துகிற நம் கடைக்கு வந்தார். "தம்பி, கம்பியூட்டர் வேல செய்யுதில்ல" என்றார். இதற்குப் பாய்ந்து விழுகிறவன் நீதானே, மச்சான்.

"இது காட்டுற திரை மட்டும் காக்கா! எண்ணுறது கீழ கிடக்கிற பொட்டி" என்று அண்ணன் முறை சொல்லியே எத்தனை பேரிடம் கத்தியிருப்பாய். டிஜிட்டல் என்றால் என்னவென்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும். "அதுக்கு ஓம், இல்ல எண்டு ரெண்டுதான் தெரியும். அத வெச்சே கணக்கு, பாட்டு, படம் எல்லாத்தையும் எண்ணிப்போடும். உங்கட போனும் கம்பியூட்டர்தான். உடுப்புக் கழுவுற மெசினுக்குள்ளயும் ஒண்டு இரிக்கி." கேட்டவர் ஆளை விட்டால் போதுமென்று ஓடுவார்.

ஒருநாள் நம் கடை வாசலில்தான் ஒரு மீன் வியாபாரியைச் சிலர் வெட்டிச் சாய்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். வாசலையும் கடைக்குள்ளேயும் பார்க்கிற நம் கமராக்கள் மட்டும் அதைப் பதிந்திருந்தன. மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை நேரம், படத்தைப் பொலிசுக்குக் கொடுக்க நாம் ஆயத்தமானபோது வெட்டியவர்களே இரும்புக் கம்பிகளோடு உள்ளே வந்தார்கள். ஒருவன் என்னைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தை நெரித்தான். இன்னொருவன் உன் வாயில் குத்தினான்.

"எங்கடா கம்பியூட்டர்? படம் எதுக்குள்ள இரிக்கி?"

இரத்தம் வடிய நீ திரையைக் காட்டினாய். "இதுதான். எல்லாம் இதுக்குள்ளதான்."

கடையிலிருந்த ஒரு திரையையும் அவர்கள் விடவில்லை. உடைத்தார்கள், மிதித்தார்கள். அப்போதும் வெறி அடங்காமல் உன் தலையில் அடித்தார்கள். நான் அலறியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும், ஒருவரும் வரவில்லை. படம் பதிகிற சின்னப் பெட்டி மேல் தட்டில், வயர்ச் சுருளுக்குப் பின்னால் இருந்தது. அதுவும் ஒரு கம்பியூட்டர்தான் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்!

இரண்டு கொலைகளும் அதில் பதிந்திருந்தன. அதைப் பொலிசில் திறந்து காட்டியவன் நான். படத்தில் நீ விழுகிறாய். அவர்கள் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். ஒரு தடவைகூட உன் கண் அந்தத் தட்டுப் பக்கம் போகவில்லை.

அவர்கள் இப்போது சிறையில். போன வாரம் அவர்களின் ஆட்கள் பள்ளிவாசல் பெரியவர்களோடு வந்து, "அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றார்கள். முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். என்னிடம் மன்னிப்பு இல்லை, மச்சான். அடி விழும்போதும் மேலே பார்க்காத உன் கண்கள்தான் இருக்கின்றன.